உலைக்களம் எங்கே?

“இரும்பின் தொன்மை” என்ற ஆய்வறிக்கையை 2025 சனவரி 23ஆம் நாள் முதலமைச்சர் சென்னையில் வெளியிட்டார். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்போடு கிடந்த கரியின் காலம் ஏறத்தாழ 5300 ஆண்டு என்றது அவ்வறிக்கை. மேடைதோறும் முழக்கம் எழுந்தது. நாமும் மகிழ்ந்தோம்; மகிழ்ந்ததில் பிழையில்லை.

எடப்பாடித் தறிக்கூடத்தில் இரவு முழுவதும் நின்றுவிட்டு, விடியலில் தேநீர்க் கடைப் பலகையில் அமரும் தோழர் கேட்கலாம்: “ஐயாயிரம் ஆண்டு இருக்கட்டும், அதில் நமக்கென்ன?” நல்ல கேள்வி. அவருக்கு நாம் சொல்லும் விடை சிவகளையில் இல்லை. அவர் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது.

எடப்பாடிக்கு வடக்கே மேட்டூர் வட்டம். அங்கே மாங்காட்டில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 1604க்கும் 1416க்கும் இடைப்பட்டது என்று ஆய்வுக்கூடம் கணித்தது. தெலுங்கனூரில் கிடைத்த வாளோ வெறும் இரும்பன்று, எஃகு! இவையெல்லாம் செத்தவனோடு புதைத்த பொருள்கள். வாள் எவன் கையில் இருந்தது என்பதைக் கல்லறை காட்டும். அதை எவன் காய்ச்சினான், எவன் அடித்தான் என்பதைக் காட்டுமா? காட்டாது. அதைக் காட்ட உலை வேண்டும்.

“இரும்பு கிடைத்தது சரி, அதை உங்கள் மண்ணிலேதான் உருக்கினீர்கள் என்பதற்குச் சான்று என்ன?” என்று கேட்போர் உண்டு. அவர்களை ஏசிப் பயனில்லை. கேள்வி நியாயமானதே. பதிலை மண்ணிலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டும்.

ஓரிடத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறோம். காவிரியைக் கடந்து தென்மேற்கே சென்றால் நொய்யற்கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பேசும் ஊர் அது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கே அகழ்ந்தது. நடுவே ஒரு பெரிய உலையும் அதைச் சூழச் சிற்றுலைகளும், துருத்தியின் மண்குழாய்களும், எஃகு காய்ச்சிய மூசைகளும் வெளிப்பட்டன. அணைந்து இரண்டாயிரம் ஆண்டு கடந்த நெருப்பு!

உலையைத் தோண்டுவது கிணறு தோண்டுவது போன்றதன்று. கடப்பாரைக்கு அங்கே வேலை இல்லை. சிறு கொத்தும் தூரிகையும்தான். முதலில் சிட்டக்கல் தென்படும்; பிறகு செங்கல் நிறத்தில் வெந்த மண் வட்டமாகத் தெரியும். உடனே முழுவதையும் அள்ளிவிடக் கூடாது. பாதியை அறுத்து எடுத்து, மீதிப் பாதியின் முகத்தில் சாம்பல், கரி, கசடு என்று அடுக்கடுக்காகப் படிந்திருப்பதை அளந்து வரைய வேண்டும். கரித்துண்டைக் கைபடாமல் எடுக்க வேண்டும்; காலத்தைச் சொல்லப் போவது அதுதான். வெயிலில் குந்தியிருந்து இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊரின் கூலிக்காரர்கள், பெண்கள். மண்ணின் நிறம் மாறுவதை முதலில் காண்பது பெரும்பாலும் அவர்கள் கண்ணே. அறிக்கையில் அவர்கள் பெயரும் இடம்பெற வேண்டும் என்பது நமது கோரிக்கை.

மாங்காட்டு இரும்புக்கும் கொடுமணல் உலைக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி. மேடைப் பேச்சு அதை நிரப்பாது. மண்வெட்டிதான் நிரப்பும். எங்கே வெட்டுவது? கஞ்சமலைச் சரிவைப் பாருங்கள். மழை பெய்தால் ஓடையில் கருமணல் இறங்கும். காந்தம் பிடிக்கும் இரும்பு மணல் அது. அதை அரித்து, ஆளுயரம்கூட இல்லாத மண் உலையில் கரியோடு கொட்டி, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பெடுத்தார்கள். அந்த இரும்பை ஆவாரங்குச்சியோடும் எருக்க இலையோடும் மூசையில் வைத்து, வாயை மண்ணால் பூசிக் காய்ச்சினால் எஃகு. இதைச் சேலத்தில் இருந்த ஜோசையா ஹீத் என்ற வெள்ளையர் 1839இல் எழுதி வைத்தார். இந்நாட்டு எஃகை மைக்கேல் பாரடே 1819இலேயே இலண்டனில் ஆராய்ந்தார். விஞ்ஞானி மலைத்த பொருளைச் செய்தவனுக்குப் பள்ளிப்பாடத்தில் ஒரு வரி உண்டா?

அந்த ஹீத்தான் 1830இல் பரங்கிப்பேட்டையில் பேருலை மூட்டினார். அவருக்குப் பின் 1853இல் தோன்றிய கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி, நம் பூலாம்பட்டிக் காவிரிக் கரையில் உலை எழுப்பியது. ஆம், இன்று பரிசல் துறையும் படகுமாக நாம் அறிந்த அதே பூலாம்பட்டிதான்! காடு கரியாயிற்று, கரி தீர்ந்தது, சில ஆண்டுகளில் உலையும் அணைந்தது. கப்பலில் வந்து குவிந்த மலிவான சீமை இரும்பின் முன் ஊருலைகளும் ஒவ்வொன்றாக ஆறின.

1967இல் எழுச்சி நாள் கொண்டாடிக் கேட்டுப் பெற்ற சேலம் உருக்காலை கஞ்சமலையடியில் நிற்கிறது. கஞ்சமலைக் கல்லை உருக்கவே அதைக் கேட்டோம். வந்ததோ வெளியிலிருந்து தகடு வாங்கி உருட்டும் ஆலை! அதையும் தனியாருக்கு விற்க 2019இல் தில்லி விலை கூறியது. தொழிலாளர் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். இருக்கும் உலைக்கே இந்த மதிப்பு என்றால், புதைந்த உலையை யார் காப்பார்கள்?

கல்லறைக்கு நடுகல் உண்டு. கோயிலுக்குக் கோபுரம் உண்டு. உலைக்கு அடையாளம் கசடு மேடு ஒன்றே. மண் அள்ளும் எந்திரம் இறங்கினால் ஒரு பிற்பகலில் அது வீட்டுமனையாகும்.

ஆகவே மாநிலத் தொல்லியல் துறையைக் கேட்கிறோம்: கஞ்சமலை அடிவாரம் முதல் பூலாம்பட்டிக் கரை வரை கசடு மேடுகளை ஊர் ஊராகக் கணக்கெடுங்கள். வேலியிடுங்கள். அடுத்த அகழாய்வுப் பட்டியலில் ஓர் உலைக்களத்தைச் சேருங்கள்.

தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உழும்போதோ, கடைக்கால் எடுக்கும்போதோ கல்லைவிடக் கனமாக, குமிழி விட்டுக் கண்ணாடிபோல் மினுக்கும் கட்டிகள் தட்டுப்பட்டால், அருகே துளையுள்ள சுட்ட மண்குழாய்த் துண்டு கிடந்தால், அதைப் பெயர்க்காதீர்கள். வீட்டுக்கும் எடுத்துப் போகாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ, சேலம் அரசு அருங்காட்சியகத்திலோ எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.