போலி எலும்புக்கூடும் அரியலூரின் மெய்யான எலும்புகளும்

 

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு படம் நம் சமூகத்தின் கைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தோண்டப்பட்ட குழி ஒன்றில் மாபெரும் மனித எலும்புக்கூடு கிடக்கிறது. அதன் மண்டையோட்டருகே நிற்கும் ஆள் எறும்பைப் போலத் தெரிகிறான். சவூதியின் ருபுஉல் காலி பாலைவனத்தில் எரிவாயு தேடியவர்களுக்கு ஆது சமூகத்தவரின் எலும்பு கிடைத்ததாகவும், உலகம் அதை மறைத்துவிட்டதாகவும், ஈமான் உள்ளவர் இதைப் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டும் என்றும் அதன் கீழே எழுதப்பட்டிருக்கும். முன்பு மின்னஞ்சலில் வந்தது. இன்று கரையான்சாவடி முதல் ஆவடி வரை குடும்பக் குழுக்களில் ஜும்ஆ வாழ்த்துகளோடு சேர்ந்து வருகிறது.

இப்படத்தின் வரலாறு மறைபொருள் அன்று. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஹைட் பார்க் என்னும் ஊரில், யானைக்கு உறவான, அழிந்துபோன மாஸ்டோடான் என்ற விலங்கின் எலும்புகளை ஆய்வாளர்கள் அகழ்ந்தெடுத்தனர். அந்தக் குழியை மேலிருந்து எடுத்த ஒளிப்படம் ஒன்று உண்டு. 2002இல் இணையத்தில் நடந்த படம் மாற்றும் போட்டி ஒன்றுக்காகக் கனடாவைச் சேர்ந்த ஓவியர் ஒருவர் அதில் மனித எலும்புக்கூட்டைப் பொருத்தினார். அவர் யாரையும் ஏமாற்ற எண்ணவில்லை. பிறகு யாரோ அதற்கு ஆது சமூகத்தின் கதையைச் சேர்த்தனர். 2007இல் நேஷனல் ஜியோகிராபிக் இவற்றையெல்லாம் விளக்கமாக எழுதியது. ஆனாலும் அந்தப் படம் ஓயவில்லை.

“படம் பொய்யாகவே இருக்கட்டும், ஈமானைத்தானே வளர்க்கிறது?” என்று சிலர் கேட்கின்றனர். இந்தக் கேள்வியை நாம் வன்மையாக மறுக்கிறோம். குர்ஆன் அத்தியாயங்களின் சிறப்பைச் சொல்லி மக்களை ஓதவைக்க வேண்டும் என்ற ‘நல்ல’ நோக்கத்தோடு ஹதீஸ்களைப் புனைந்தவர்கள் நம் வரலாற்றில் இருந்தனர். ஹதீஸ்கலை இமாம்கள் அவர்களுடைய நோக்கத்தைப் பார்த்து மன்னித்தார்களா? இல்லை. அவர்களின் பெயர்களைப் பொய்யர் பட்டியலில் எழுதிவைத்தார்கள். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்துடைய நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தமது ஸஹீஹின் முன்னுரையிலேயே வைத்தார்கள். ஒரு செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்பது 49ஆம் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்கு இட்ட கட்டளை. அறிவில்லாத ஒன்றின் பின்னே செல்லாதே. செவி, பார்வை, உள்ளம் மூன்றும் விசாரிக்கப்படும் என்று 17:36 எச்சரிக்கிறது. பகிர்வதற்குமுன் இவ்வசனங்கள் நினைவுக்கு வர வேண்டாமா?

ஆது சமூகத்தைப் பற்றி இறைமறை சொல்வதையும் கவனியுங்கள். அவர்களுக்கு உடல் வலிமை மிகுதியாக வழங்கப்பட்டது என்கிறது. அவர்கள் அழிந்தபின் அவர்களுடைய குடியிருப்புகளைத் தவிர வேறெதுவும் காணப்படவில்லை என்று 46:25 கூறுகிறது. அவர்களில் எஞ்சிய எவரையேனும் காண்கிறீரா என்று 69:8 வினவுகிறது. ஹூத் (அலை) அவர்களின் வரலாற்றுக்குக் குர்ஆனே நமக்குச் சான்று. அதற்குத் துணையாகக் கணினியில் ஒட்டிய எலும்பைத் தேடுபவர், அறியாமலேயே அந்தச் சான்று போதாது என்கிறார். ஆதம் (அலை) அவர்களின் உயரம் அறுபது முழம் என்ற ஹதீஸை நாம் ஏற்பதும் அப்படித்தான். அதன் ஸனதை நம்பி ஏற்கிறோம். வாட்ஸ்அப் படத்தை நம்பி அன்று.

போலிக்கு மயங்கும் இதே மக்கள், நம் காலடியில் கிடக்கும் மெய்யான எலும்புகளைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? “டைனோசர் என்பதெல்லாம் கட்டுக்கதை, குர்ஆனில் இல்லை” என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றையும் மக்தபில் வேறொன்றையும் கேட்கும் பிள்ளை குழம்பி நிற்கிறது.

தமிழ்நாட்டின் நடுப்பகுதிக்குச் செல்வோம். அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் இன்று கரிசல் வயலும் முள்காடுமாக இருக்கும் நிலத்தில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. ஊட்டத்தூர், கருடமங்கலம், காரை போன்ற ஊர்களின் மண்ணில் நத்தையைப் போலச் சுருண்ட அம்மோனைட் ஓடுகளும் சிப்பிகளும் சுறாப் பற்களும் கல்லாக மாறிக் கிடக்கின்றன. உயிர் இறந்து சேற்றில் புதைந்தபின், நிலத்தடி நீரிலுள்ள தாதுக்கள் அதன் ஓட்டிலும் எலும்பிலும் மெல்ல மெல்லப் படிந்து அதைக் கல்லாக்குகின்றன. இதையே புதைபடிவம் என்கிறோம். 1860களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு இந்நிலத்தை அளந்து வரைபடமாக்கினார். ஸ்டோலிச்கா அந்த ஓடுகளை ஒவ்வொன்றாக விவரித்துப் பெரும் தொகுதிகளாக எழுதினார். அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் அரைக்கும் சுண்ணாம்புக்கல் இந்தப் பழைய கடலின் படிவுதான். நம் வீட்டுச் சுவரிலும் பள்ளிவாசல் சுவரிலும் அக்கடலின் ஒரு பிடி இருக்கக்கூடும்.

அதே அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்றோர் ஊர் உண்டு. அங்கே 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற நிலவியலாளர்கள் மாபெரும் எலும்புகளைக் கண்டனர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். மாபெரும் உடலுடையது என்ற பொருளில் அவ்விலங்குக்குப் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். அளவுகள் சரியானால், உலகில் இதுவரை அறியப்பட்ட நிலவாழ் விலங்குகளில் மிகப் பெரியவற்றுள் அது ஒன்று. மெய்யான ராட்சதன் நம் தமிழ் மண்ணிலேயே கிடைத்துவிட்டான்!

ஆனால் அறிஞர் உலகம் அதை எவ்வாறு வரவேற்றது என்பதே நமக்குப் பாடம். அவ்வெலும்புகள் மழையிலும் களிமண்ணிலும் ஊறி மிகவும் நலிந்திருந்தன. பாதுகாக்க இயலாமல் பொடிந்துபோயின. எஞ்சியவை வரைபடங்களும் சில விவரங்களுமே. முதலில் அதை ஊனுண்ணி என்றனர். பின்னர் வந்தோர் அது நீண்ட கழுத்துடைய தாவர உண்ணியாக இருக்கலாம் என்றனர். எலும்பே அன்று, கல்லாகிப்போன மரத்துண்டாக இருக்கலாம் என ஐயுற்றவர்களும் உண்டு. 2022இல் அகழ்வின்போது எடுத்த பழைய ஒளிப்படங்கள் வெளியிடப்பட்ட பின்னரே அந்த ஐயம் பெரிதும் தணிந்தது. இன்றும் அதன் அளவைக் கூறுவோர் எச்சரிக்கையோடுதான் கூறுகிறார்கள்.

அதே கல்லமேட்டுப் படிவுகளில் சின்னஞ்சிறு பல் ஒன்றும் கிடைத்தது. ட்ரூடோண்டிட் என்ற சிறிய வகை டைனோசரின் பல் அது. அவ்வினம் அதுவரை வடபுலக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. 2013இல் ஆய்வாளர்கள் அப்பல்லை முன்வைத்துத் தம் முடிவை வெளியிட்டனர். கைக்கெட்டாத 2 மீட்டர் எலும்பு பல்லாண்டுகள் ஐயத்தில் நின்றது. கையிலிருந்த ஒரு பல் சான்றாக நின்றது. ஹதீஸ்கலை படித்தவர்களுக்கு இது புதிதா? செய்தி எவ்வளவு பெரிது என்று நம் இமாம்கள் பார்க்கவில்லை. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், தொடர் அறுந்திருக்கிறதா என்றே பார்த்தார்கள். எலும்புக்கும் ஒரு ஸனது உண்டு. எங்கே கிடைத்தது, எந்த அடுக்கில், எடுத்தவர் யார், இப்போது எங்கே இருக்கிறது, வேறொருவர் சென்று பார்க்க இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை உள்ள எலும்பை மறுத்துவிட்டு, ஒன்றுக்கும் விடையில்லாத எலும்பைப் பரப்புவது நம் சமூகத்துக்குத் தலைகுனிவு.

வதந்தி நமக்கு மட்டும் உரியதன்று. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டியபோது பெரிய உருண்டைகள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று ஊரெங்கும் செய்தி பரவியது. நிலவியல் அறிந்தவர்கள் சென்று பார்த்து, அவை முட்டைகள் அல்ல, பழைய கடற்படிவுகள் திரண்டு உருண்ட கற்கள் என்றனர். டைனோசரை ஏற்கும் அறிஞர்களே, டைனோசரின் பெயரால் வந்த பொய்யை மறுத்தார்கள். அந்த நேர்மை நம்மிடம் முதலில் இருந்திருக்க வேண்டியதல்லவா?

இனி, எதிர்வாதங்களுக்கு வருவோம். குர்ஆனில் டைனோசர் இல்லை என்பது முதல் வாதம். கங்காருவும் இல்லை, பென்குயினும் இல்லை. இறைத்தூதர்களிலேயே சிலரின் வரலாற்றைத்தான் கூறியதாகவும் வேறு சிலரைப் பற்றிக் கூறவில்லை என்றும் 40:78 அறிவிக்கிறது. நபிமார்களின் பட்டியலே முழுமையாகத் தரப்படாத வேதத்தில் விலங்குகளின் பட்டியலைத் தேடுவது என்ன நியாயம்? நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைக்கிறான் என்ற கருத்தை 16:8 தெளிவாகவே வைத்திருக்கிறது.

கோடிக்கணக்கான ஆண்டுகள் என்பது மார்க்கத்துக்கு முரண் என்பது இரண்டாவது வாதம். பூமியின் வயது இத்தனை ஆண்டு என்று குர்ஆனோ ஸஹீஹான ஹதீஸோ வரையறுத்ததில்லை. பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டுகளே வயது என்பது பைபிளின் தலைமுறைப் பட்டியல்களைக் கூட்டிப் பெறப்பட்ட கணக்கு. கி.மு. 4004இல் உலகம் படைக்கப்பட்டது என்று 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பேராயர் அஷர் கணித்தார். அந்தக் கவலையை நாம் ஏன் இரவல் வாங்கிச் சுமக்க வேண்டும்? கி.பி. 973இல் பிறந்த அல்பீரூனி, அரபுப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று எழுதினார். கிணறு தோண்டும்போது வெளிவரும் சிப்பிகளையும் சங்குகளையும் அதற்குச் சான்றாகக் காட்டினார். இப்னு ஸீனா உயிர்கள் கல்லாவதைப் பற்றி விளக்கினார். அரியலூரைக் கண்டிருந்தால் அவர்கள் அஞ்சியிருக்க மாட்டார்கள், மகிழ்ந்திருப்பார்கள்.

இது பிள்ளைகளை நாத்திகத்துக்கு இட்டுச்செல்லும் என்பது மூன்றாவது வாதம். புதைபடிவம் ஓர் உயிர் வாழ்ந்தது, மாண்டது என்று காட்டுகிறது. அதைப் படைத்தவன் இல்லை என்று எந்தக் கல்லும் சொல்வதில்லை. அப்படிச் சொல்பவர், கல் சொல்லாததைக் கல்லின் வாயில் திணிக்கிறார். ஆதம் (அலை) அவர்களின் படைப்பைக் குறித்த நம் அகீதா தனித்த பொருள். அதை ஆலிம்களிடம் கற்க வேண்டும். கல்லமேட்டு எலும்பை மறுப்பதால் அந்த அகீதா காக்கப்படுவதில்லை. உண்மையில் பிள்ளையின் ஈமானை அசைப்பது எது? போலிப் படத்தைக் காட்டி “இதுவே குர்ஆனுக்குச் சான்று” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளை, பதினைந்து வயதில் அது போலி என்று கண்டுபிடிக்கும். அன்று அது படத்தை மட்டுமா சந்தேகிக்கும்? சொன்னவரையும் சந்தேகிக்கும், சொன்னவர் ஓதிக்கொடுத்ததையும் சந்தேகிக்கும். பாடம் நடத்தும் நமக்கு இதைவிடப் பெரிய அச்சம் வேறில்லை.

மறுபுறம், ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒரு வசனத்தை வளைத்துப் பொருத்துவோருக்கும் ஒரு சொல். டைனோசரைக் குர்ஆனில் கண்டுபிடித்துத் தர வேண்டிய தேவை குர்ஆனுக்கு இல்லை. அறிவியல் தன் முடிவுகளைத் திருத்திக்கொண்டே செல்லும். புருஹத்காயோசாரஸ் ஊனுண்ணியிலிருந்து தாவர உண்ணியாக மாறியதைக் கண்டோம். மாறும் முடிவோடு மாறாத வேதத்தைக் கட்டிவைப்பவர், நாளை முடிவு மாறும்போது என்ன செய்வார்?

பூமியில் பயணம் செய்து, படைப்பை அவன் எவ்வாறு தொடங்கினான் என்று பாருங்கள் என்பது 29:20 தரும் ஏவல். அதற்கு நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. கரையான்சாவடியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வரும் ஸ்ரீபெரும்புதூரின் பெயரையே நிலவியலாளர்கள் ஒரு பாறை அடுக்குக்கு வைத்திருக்கிறார்கள். அதில் பழங்காலத் தாவரங்களின் இலைப் பதிவுகளும் கடல் உயிர்களின் ஓடுகளும் உள்ளன. வடமேற்கே கொசஸ்தலை ஆற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில், பழைய கற்கருவிகளோடு விலங்குகளின் பற்களும் குளம்புத் தடங்களும் கிடைத்தன. பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகமும், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நிலவியல் பிரிவும், அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் உள்ளன. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். காரை போன்ற இடங்களுக்குச் சென்றால் எதையும் பெயர்த்து எடுத்துவராதீர்கள். இடத்தை விட்டுப் பிரிந்த கல், ஸனது அறுந்த ஹதீஸைப் போன்றது.

மஹல்லா நிர்வாகிகளுக்கும் இமாம்களுக்கும் நம் வேண்டுகோள்: குழுவில் அந்தப் படம் அடுத்த முறை வரும்போது மௌனமாகக் கடந்துவிடாதீர்கள். அது போலி என்று அங்கேயே, அனுப்பியவரின் மனம் புண்படாதவாறு எழுதுங்கள். பொய்யை நீக்குவதும் நன்மையை ஏவுவதுதான்.

அல்லாஹ் நமக்குக் கல்வியை அதிகப்படுத்துவானாக. உண்மையை உண்மையாகவே காட்டி அதைப் பின்பற்றும் பேற்றையும், பொய்யைப் பொய்யாகவே காட்டி அதிலிருந்து விலகும் பேற்றையும் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் வழங்குவானாக. ஆமீன்.