முதலாளி இல்லாத தொழில் யாருக்குச் சுகம்?

"நமக்கு எவனும் முதலாளி கிடையாது, நினைத்தால் வேலை, இல்லையென்றால் ஓய்வு." தாராவியில் பெயின்டரும் எலக்ட்ரீஷியனும் டாக்சி ஓட்டுபவரும் பெருமையோடு சொல்லும் பேச்சு இது. அவர்களுக்கும் பி.எஃப். இல்லை, நிலையான வருமானம் இல்லை. மறுக்கவில்லை. ஆனால் உழைத்துவிட்டு வந்தவனுக்குச் சூடாகச் சோறும், படுக்கப் பாயும் காத்திருக்கின்றன.

அதே வீட்டில் பீஸ் கூலிக்குப் பட்டன் தைக்கிறாளே, அவளுக்கு? அவளுக்கும் முதலாளி இல்லையாம்! ஊசி அவள் செலவு, கரண்ட் அவள் செலவு, இடம் அவள் வீடு. துணியில் கறை பட்டால் கூலியில் பிடித்தம். நாக்காவில் நிற்கும் ஆண்கள் நாலு பேர் சேர்ந்து கூலி பேசுகிறார்கள். நாலு சுவருக்குள் இருப்பவள் யாரோடு சேர்ந்து பேசுவாள்? ஊரிலென்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாவோ அத்தையோ இருப்பார்கள். மும்பையில் அதுவும் இல்லை.

மத்திய அரசின் 2024 ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் கொடுக்கிறாள். ஆண் கொடுப்பது 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் அடுப்போடும் தண்ணீர்க் குடத்தோடும் போராடிவிட்டுத்தான் அவள் துணி மூட்டையைப் பிரிக்கிறாள். கண் எரிகிறது, இடுப்பு நோகிறது. நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர், 'வீட்டில் சும்மா இருக்கிறாள்'!

சட்டமும் அப்படித்தான். 2017 இல் பேறுகால விடுப்பு 26 வாரமானது, நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கு. பீஸ் கூலிக்காரிக்குப் பிள்ளை பெற்ற மறுநாளே வருமானம் நின்றுவிடும். வீட்டிலிருந்து உழைப்போரை மற்றத் தொழிலாளரோடு சமமாக நடத்தச் சொல்லும் 177 ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996 இல் நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்கவில்லை.

முதலாளி இல்லாதவர்களுக்கு எப்படிச் சங்கம் என்கிறீர்களா? அகமதாபாத்தில் சேவா பெண்களிடமும் அதிகாரிகள் இதையேதான் கேட்டார்கள். வாதாடி 1972 இல் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். ரயில்வே குமாஸ்தாக்களான எங்களுக்குக் காய்ச்சலென்றால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அது யாரும் போட்ட பிச்சையல்ல, சங்கம் கட்டிப் பெற்றது.

ஆகவே, சங்கப் பதிவேட்டில் பெண்களின் பெயர் தனி உறுப்பினராக ஏறட்டும். இ-ஷ்ரம் பதிவில் அவர்களைச் சேர்ப்போம். எண்ணிக்கையும் கூலியும் எழுதிய சீட்டில்லாமல் எந்தக் கான்ட்ராக்டரின் மூட்டையையும் வாங்க மாட்டோம் என்று தெருத்தெருவாக முடிவெடுப்போம்.

கான்ட்ராக்டரிடம் நியாயம் கேட்கப் போகும் ஆண்களே, போகும் முன் குடத்தை எடுத்துத் தண்ணீர் பிடித்து வையுங்கள்!