கூலருக்குள் நிற்கும் தண்ணீர்

நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரி தேடும் வரை வளர விடுவது நம்மில் பலரின் வழக்கம். ஜனக்புரியில் இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் வீட்டு ஜன்னலில் இருக்கும் கூலரே போதும்.

மழை தொடங்கியதும் கூலரை நிறுத்துகிறோம். அடியில் நிற்கும் தண்ணீரை மறந்துவிடுகிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்கச் சுமார் 7 முதல் 10 நாட்கள். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, ஓரங்களைத் தேய்த்துக் கழுவினால் தீர்ந்தது. தேய்ப்பது அவசியம், ஒட்டிய முட்டைகள் காய்ந்தாலும் பல மாதங்கள் சாவதில்லை.

1996-இல் தில்லியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை டெங்கு தாக்கியது; 423 பேர் மாண்டனர். 2015-இல் பாதிக்கப்பட்டோர் பதினைந்தாயிரத்துக்கும் மேல். பிளேட்லெட்டுக்காக இரவில் அலைந்தவர்களைக் கேளுங்கள், அந்தப் பத்து நிமிட வேலையின் அருமை புரியும்.

“மேல்மாடிக்காரரிடம் எப்படிச் சொல்வது? வந்த ஊரில் வம்பு எதற்கு?” என்று நானும் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் மகள் பன்னிரண்டு நாள் படுத்த பிறகுதான் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் அன்றே கழுவிவிட்டார். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

டெங்கு உச்சத்திலிருக்கும் மாதங்களில்தான் நவராத்திரியும் வருகிறது. கொலுப்படி கட்டுமுன் கூலரைக் காலி செய்யுங்கள்.