முதுமைக்கு வைத்த பொருளை முன்னரே எடாதீர்

ஒரு வேலையை விட்டு மறுவேலைக்குச் செல்லும் நம் மக்களுள் மிகப்பலர் முதற்கண் செய்வது யாது? வருங்கால வைப்புநிதியில் அதுவரை சேர்ந்த பணத்தை அடியோடு வழித்தெடுப்பதே! திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களிலும், ஆம்பூர்த் தோல்தொழிலிலும், ஓசூர், திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளிலும் இஃது ஒரு வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. எடுத்துக்கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட தரகரும் பெருகிவிட்டனர். எடுத்தால்தானே அவர்க்குக் கூலி? 'எடாதே, மாற்றிக்கொள்' என்று அவர் சொல்வார் என எதிர்பார்ப்பது பேதைமை.

இழப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 15,000 உருபா சம்பளம் பெறும் ஒருவரிடம் 12 விழுக்காடாகத் திங்கள்தோறும் 1,800 உருபா பிடிக்கப்படுகின்றது. முதலாளியும் அதே அளவு இடுகின்றார். அதில் 1,250 உருபா 1995இல் ஏற்பட்ட ஓய்வூதியத் திட்டத்திற்குச் சென்றுவிட, எஞ்சிய 550 வைப்புநிதியில் சேரும். ஆக, திங்களுக்கு 2,350 உருபா. நான்காண்டில் அது வட்டியொடு ஏறத்தாழ 1,30,000 ஆகும். இதை எடுத்துச் செலவிட்டவர்க்கு ஓர் இருசக்கர வண்டி மிஞ்சலாம். எடாமல் புதுக்கணக்கிற்கு மாற்றிவிட்டவர்க்கோ, 2024-25இல் தரப்பட்ட 8.25 விழுக்காட்டு வட்டியே தொடர்வதாகக் கொண்டால், இருபத்தைந்து ஆண்டில் அப்பகுதி மட்டுமே 9,40,000 உருபாவைத் தாண்டும். கூட்டுவட்டியை நாம் பள்ளியில் எட்டாம் வகுப்பிலேயே கற்பிக்கின்றோம். தேர்வு முடிந்ததும் அது மறந்துபோகின்றது போலும்!

இனி, வரி. ஐந்தாண்டுத் தொடர்பணி நிறையாமல் எடுக்கும் பணம் வரிக்குரிய வருவாயாகும். முதலாளி இட்ட பங்கும் அதன் வட்டியும் சம்பளமாகக் கொள்ளப்படும். தம் பங்கிற்கு முன்னாண்டுகளிற் பெற்ற வரிக்கழிவும் திரும்பப் பெறப்படும். தொகை 50,000 உருபாவும் அதற்கு மேலும் ஆயின், கொடுக்கும்போதே பத்து விழுக்காடு பிடித்துக்கொள்வர். அவ்வாறு பிடிப்பதே முடிந்த வரி எனப் பலர் எண்ணுகின்றனர், அன்று. சம்பளம் மிக்கவர் மேலும் கட்ட நேரும். வரிகட்டும் அளவு வருவாய் இல்லாதவரோ முன்னரே உறுதிமொழிப் படிவம் தந்து பிடிப்பைத் தவிர்க்கலாம். தவறினால் வருவாய்க் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். எளிய தொழிலாளருள் எத்துணைப் பேர்க்கு இது தெரியும்? நோயாலோ, முதலாளி தொழிலை மூடியதாலோ பணி முடிந்தவர்க்கு இவ்வைந்தாண்டு நெறி இல்லை என்பதும் அறியத்தக்கது.

அவ்வைந்தாண்டு ஒரே முதலாளியிடம் கழிந்திருத்தல் வேண்டா. பழைய நிதியைப் புதிய கணக்கிற்கு மாற்றியிருப்பின் முன்னைப் பணிக்காலமும் சேர்த்தே எண்ணப்படும். இங்கேதான் ஒரு மயக்கம். 2014 முதல் ஒருவர்க்கு வாழ்நாள் முழுமைக்கும் ஒரே பொதுக் கணக்கெண் வழங்கப்படுகின்றது. எண் ஒன்றாயிருப்பதால் பணமும் ஒன்றாகிவிட்டது என்று கருதுகின்றனர். ஒவ்வொரு முதலாளியிடத்தும் அவ்வெண்ணின்கீழ்த் தனித்தனி உறுப்பினர் கணக்கு உண்டு. மாற்றினாலன்றிப் பழைய பணம் பழைய இடத்திலேயே கிடக்கும். தம் கணக்கேட்டை இன்றே பார்த்துக்கொள்க.

வரியினும் பெரிய இழப்பு ஓய்வூதியத்தில் நேர்வது. அதுவோ கண்ணுக்குத் தெரிவதில்லை. பத்தாண்டுப் பணி நிறைந்தவர்க்கே 58 அகவையில் திங்கள்தோறும் ஓய்வூதியம் உண்டு. ஓய்வூதியத்திற்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளாற் பெருக்கி எழுபதால் வகுப்பது அதன் கணக்கு. நான்கு, நான்கு, பத்து என மூன்றிடங்களில் உழைத்தவர் எதையும் எடாதிருந்தால் பதினெட்டு ஆண்டிற்கு, 15,000 உருபா அளவில், 3,857 உருபா பெறுவார். முதலிரண்டையும் எடுத்துவிட்டவர்க்குப் பத்தாண்டே எஞ்சும், 2,143 உருபாதான். சாகுமளவும் திங்கள்தோறும் 1,700 உருபாவுக்கு மேல் இழப்பு! வைப்புநிதியை எடுத்தேயாக வேண்டிய இக்கட்டில் இருப்போரும் ஓய்வூதியப் பகுதியைத் தொடாமல், அப்பணிக்காலத்திற்குத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ள வழியுண்டு. அடுத்த வேலையில் அதைக் காட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். இதைத் தரகர் சொல்லமாட்டார்.

படித்த இளைஞரிடையே வேறொரு தவறான கருத்து உலவுகின்றது. 2023-24 முதல் புதிய வரிமுறையே இயல்பு முறையாக்கப்பட்டு, 1,50,000 உருபா வரையிலான சேமிப்புக் கழிவு அதில் இல்லாமற்போயிற்று. ஆகவே வைப்புநிதியால் இனிப் பயனில்லை என்கின்றனர். போனது நுழைவாயிற் கழிவு மட்டுமே. ஐந்தாண்டு கடந்து எடுக்கும் தொகைக்கு அம்முறையிலும் வரியில்லை, வட்டிக்கும் இல்லை. ஆண்டுக்கு 2,50,000 உருபாவுக்கு மேல் தம் பங்காக இடுவோர்க்கு மட்டும், மிகைக்குரிய வட்டியின்மேல் 2021 ஏப்பிரல் முதல் வரியுண்டு. காப்பீட்டு முகவர் இதை மறைத்து, 'அதை எடுத்து இதிற் போடுங்கள்' என்பார். அறிவுரை கூறுவார்க்குக் கூலி எங்கிருந்து வருகின்றது என்று கேட்டபின் அறிவுரையைக் கேட்க.

2025 அக்டோபரில் வைப்புநிதியின் நடுவண் அறங்காவலர் குழு கூடி, கணக்கில் 25 விழுக்காட்டை எப்போதும் நிறுத்திவைக்கவும், வேலையிழந்தோர் முழுத்தொகையும் பெறக் காத்திருக்கும் காலத்தை இரு திங்களிலிருந்து பன்னிரு திங்களாக்கவும், ஓய்வூதியப் பகுதிக்கு அதை முப்பத்தாறு திங்களாக்கவும் முடிவெடுத்தது. எதிர்ப்பு எழுந்தது, அதில் ஞாயமும் உண்டு. பசித்தவனை நோக்கி முதுமையை நினை என்பது கொடுமையே. முக்காற்பங்கை உடனே பெற வழிவிட்டமையால் ஒருவாறு பொறுக்கலாம் என்பதே நம் கருத்து. ஆயினும் பூட்டு மட்டும் போதாது. பூட்டுவதன் கரணியத்தைச் சொல்ல வேண்டாவா? படிவங்களுக்கோ பத்தொன்பது, பத்து-சி, பதின்மூன்று என எண்களே பெயர்! பணம் கேட்டு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவர்க்கும், 'இன்று எடுத்தால் இவ்வளவு. எடாதிருந்தால் 58 அகவையில் இவ்வளவு. ஓய்வூதியத்தில் குறைவது இவ்வளவு. வரி இவ்வளவு' என நான்கு வரியை, அவரவர் கணக்கின்படியே, தமிழ்நாட்டில் தமிழில் அச்சிட்டுக் காட்டிய பின்னரே கையொப்பம் பெறுதல் வேண்டும். கணினி உள்ள இந்நாளில் இதற்கு ஒரு நொடியும் ஆகாது. தொழிற்சங்கங்கள் இதனைத் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தல் வேண்டும்.