ஒரே பெட்டி, இரண்டு பருவம்

வட கரோலினாவின் ராலே, கேரி, மாரிஸ்வில் பக்கம் வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது பள்ளிக்கூடத்தை. அப்புறம் ஆபீஸ் எவ்வளவு தூரம், கோயில் எவ்வளவு தூரம். கொல்லைப்புறச் சுவரோரம் இரும்புக் கூண்டு மாதிரி நிற்கும் பெட்டியைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. நம்மூர் ஏ.சி.யின் வெளி யூனிட்தானே, கொஞ்சம் பெரிசு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். ஜூலையில் அது ஏ.சி.தான். ஜனவரியில் அதே பெட்டிதான் வீட்டைச் சூடாக்கவும் வேண்டும் என்பது முதல் குளிர்காலத்தில்தான் உறைக்கிறது.

அமெரிக்க எரிசக்தித் துறை, கட்டடங்களை மனத்தில் வைத்து நாட்டைக் காலநிலை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. வட கரோலினாவின் பெரும்பகுதி, டென்னசி, வர்ஜீனியா, மேரிலாந்து எல்லாம் வருவது ‘கலப்பு ஈர’ மண்டலத்தில். ஆண்டுக்கு 20 அங்குலத்துக்கு மேல் மழை; குளிர்காலத்தில் மாதச் சராசரி வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்; கோடையிலோ வியர்வை காயாது. மினசோட்டாக்காரருக்கு ஹீட்டர் நின்றால் உயிருக்கு ஆபத்து, ஏ.சி. நின்றால் எரிச்சல். மயாமிக்காரருக்கு நேர் எதிர். நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டும், இரண்டும் ஒரே எந்திரத்திலிருந்து வர வேண்டும்.

அந்த எந்திரத்தின் பெயர் ஹீட் பம்ப். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில்தான் இது அதிகம். ஏ.சி. வீட்டுக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது அல்லவா, ஹீட் பம்ப்பில் ஒரு வால்வு திரும்பினால் குளிரூட்டும் காஸ் எதிர்த்திசையில் ஓடும். வெளிக்காற்றில் மிச்சமிருக்கும் சூட்டை அள்ளி உள்ளே கொண்டுவரும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் கம்ப்ரசருக்கு வருடம் பூராவும் வேலை. குளிர்காலத்தில் கேஸ் ஃபர்னஸ் எரியும் வீடுகளில் ஏ.சி. பாதி வருடம் தூங்குகிறது. ஹீட் பம்ப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தேய்மானமும் அதற்கேற்ப.

உறைபனி விழும் காலையில் ரிப்பேர் கம்பெனிகளுக்கு வரும் அழைப்புகளில் ஒரு பகுதி, பழுதே இல்லாத பழுதுகள். வெளியிலிருந்து சூட்டை இழுக்கும்போது வெளிப்பெட்டியின் கம்பிச்சுருளில் பனி படியும். அதை உருக்க எந்திரம் சில நிமிடம் தானாகவே ஏ.சி.யாக மாறிச் சுருளைச் சூடாக்கிக்கொள்கிறது. அப்போது பெட்டியிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பும். பார்ப்பவர் தீப்பிடித்துவிட்டது என்று பதறிப் போனை எடுக்கிறார். இன்னொன்று, காற்று வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்ற புகார். ஃபர்னஸ் காற்று 50 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்; ஹீட் பம்ப் காற்று 32-லிருந்து 38 வரைதான். பெரும்பாலும் நம் உடம்புச் சூட்டைவிடக் குறைவு என்பதால் கையை நீட்டிப் பார்த்தால் சில்லென்றுகூடத் தோன்றும். வீடு என்னவோ மெல்லச் சூடேறிக்கொண்டுதான் இருக்கும்.

அப்படிப் பதறியவர் அடுத்துச் செய்வது, தெர்மோஸ்டாட்டில் ‘எமர்ஜென்சி ஹீட்’ என்று எழுதியிருப்பதை அழுத்துவது. வெளியே உறைகிறது, இதைவிட எமர்ஜென்சி எது என்பது அவர் கணக்கு. அந்தப் பொத்தான் அதற்கில்லை. வெளிப்பெட்டி செத்துப்போனால், மெக்கானிக் வரும்வரை அதை நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கும் மின்கம்பிச் சுருள்களை மட்டும் எரிப்பதற்காக வைத்தது. கடுங்குளிரில் அந்தச் சுருள்கள் ஹீட் பம்ப்புக்குத் துணையாகத் தானாகவே எரியும். யாரும் அழுத்த வேண்டியதில்லை. 10 கிலோவாட் சுருள் முழுவேகத்தில் எரிந்தால் மணிக்கு 10 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை ஒரே ராத்திரியில் தின்றுவிடும். பொத்தானை அழுத்திவிட்டு மறந்தவர்களுக்கு அடுத்த மாத மின் கட்டணம் வந்த பிறகுதான் நினைவு வருகிறது.

இந்தச் சுருள்கள் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே விடியலில் எரிந்தால் என்ன ஆகும்? 2022 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், எலியட் என்று பெயரிட்ட குளிர்ப்புயல் தென்கிழக்கைப் பிடித்தது. மின்தேவை கணித்ததைத் தாண்டியது. சில மின்நிலையங்களில் கருவிக் குழாய்களே உறைந்தன. கரோலினாக்களில் டியூக் எனர்ஜி சுமார் 5 லட்சம் வாடிக்கையாளர்களுக்குச் சுழற்சி முறையில் மின்சாரத்தை வெட்டியது. பக்கத்தில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், 1933-இல் தொடங்கிய நாளிலிருந்து செய்யாத சுழற்சி மின்வெட்டைச் செய்தது. எந்திரத்தில் ஒரு குறையும் இல்லாத வீடுகளும் அன்று குளிரில் கிடந்தன.

இந்த மாதிரி வேளையில் மின்சாரத்துக்கோ மெக்கானிக்குக்கோ காத்திருக்கும் வீட்டில்தான் விபரீதம் நடக்கிறது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது இறந்தவர்களை அந்த மாநில சுகாதாரத் துறை 246 என்று கணக்கிட்டது. 161 பேர் குளிரால். 19 பேர் கார்பன் மோனாக்சைடால். மூடிய கராஜில் ஓடும் காரும் ஜெனரேட்டரும், வீட்டுக்குள் மூட்டிய கரி அடுப்பும் மணமில்லாமல் கொல்பவை. கேஸ் அடுப்பின் ஓவனைத் திறந்துவைத்துக் குளிர்காய்வதும் அதே வகைதான். மின்சாரம் இருந்து எந்திரம் மட்டும் நின்ற நாளுக்கு, எண்ணெய் நிரப்பிய சின்ன மின் ஹீட்டர் ஒன்றை அலமாரியில் வைத்திருப்பது எவ்வளவோ மேல். அதையும் எக்ஸ்டென்ஷன் கார்டில் செருகாமல் நேரே சுவர்ப் பிளக்கில் செருக வேண்டும்.

கோடைக் கதை வேறு. ஜூலையில் ஏ.சி. நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் கெபாசிட்டர் என்ற, உள்ளங்கையில் அடங்கும் அலுமினிய டப்பா. கம்ப்ரசருக்கும் மின்விசிறிக்கும் முதல் உந்துதல் தருவது அது. வெயில் ஏற ஏற அதன் ஆயுள் குறையும். உச்சி வெயிலில் உப்பிக்கொண்டு சாகும். பொருளின் விலை இருபது முப்பது டாலர். மாற்றிக் கொடுக்கும் பில் சில நூறு டாலர். யூடியூபைப் பார்த்துத் தானே மாற்றுகிறவர்கள் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை வீடியோவில் எல்லோரும் சொல்வதில்லை. அடுத்த குற்றவாளி எறும்பு. கரோலினாவின் எறும்புகளுக்கு மின்தொடர்பைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டர் மீது என்ன பிரியமோ, கூட்டமாகப் போய் நசுங்கி, தொடர்பையே அடைத்துவிடுகின்றன. மூன்றாவது, தண்ணீர். ஈரக்காற்றிலிருந்து ஒழுகும் நீர் போகும் குழாயில் பாசி அடைத்தால், தட்டில் நீர் ஏறி மிதவை சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். உட்கூரை நாசமாகாமல் காப்பாற்றுவதற்கான சுவிட்ச் அது. வீட்டுக்காரர் கண்ணுக்கு எந்திரம் செத்துவிட்டது. குழாயை உறிஞ்சி எடுத்தால் பத்து நிமிடத்தில் உயிர் வரும்.

பல வீடுகளில் அந்தக் குழாய் இருப்பது அட்டிக்கில், கூரைக்கும் மேல்தளத்துக்கும் இடையில். ஜூலை மதியம் அங்கே சூடு 50 டிகிரியைத் தாண்டும். ஆள் உள்ளே போனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் வெளியே வந்தாக வேண்டும். அதனால்தான் அட்டிக் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். மதியம் கூப்பிட்டவருக்கு நாளைக் காலை என்று பதில் வருவதற்குச் சோம்பல் காரணமில்லை.

போனை எடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் கைக்குழந்தையோ வயதானவரோ இருக்கிறார்களா, ஆக்சிஜன் மெஷின் உண்டா. இரண்டாவது, எங்களிடம் வருடாந்தர ஒப்பந்தம் உண்டா. நம்மூர் ஏ.எம்.சி.தான். ஊரில் எல்லா எந்திரங்களும் ஒரே நாளில் திணறும் என்பதால் வரிசை தவிர்க்க முடியாதது. ஒப்பந்தக்காரர் அதில் முன்னே போகிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். கௌரவம் பார்த்துக் கடைசியில் சொல்பவர்கள் வரிசையின் கடைசிக்கே போகிறார்கள்.

ஆள் வந்த பிறகு இன்னொரு ஆட்டம் தொடங்குகிறது. பல கம்பெனிகளில் வருபவருக்குப் புது எந்திர விற்பனையில் கமிஷன் உண்டு. வியர்த்து விறுவிறுத்து நிற்கும் குடும்பத்திடம் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஒரு மதிப்பீட்டை நீட்டுவது எளிது. அதற்குத் தோதாக, காஸ் பற்றிய அரை உண்மைகள். ஓசோனைக் கெடுக்கும் ஆர்-22 காஸைப் புதிதாகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் 2020-இல் நின்றன. அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ, புவியைச் சூடாக்கும் வலுவில் கார்பன் டை ஆக்சைடைப் போல் 2088 மடங்கு. 2025 ஜனவரி 1 முதல் அதை நம்பிய புது வீட்டு எந்திரங்களைத் தயாரிக்கக் கூடாது என்றாகிவிட்டது. இப்போது வருபவை ஆர்-454பி, ஆர்-32. பழைய எந்திரத்தில் புது காஸை ஊற்ற முடியாது, உண்மை. ஆனால் பழுதுபார்க்கத் தேவையான 410ஏ இன்னும் கிடைக்கிறது. “உங்க காஸையே தடை பண்ணிட்டாங்க” என்று சொல்பவர் இந்தப் பாதியை விழுங்கிவிடுகிறார். வருடா வருடம் காஸ் போட வேண்டும் என்பவரையும் அதே கண்ணோடு பார்க்கலாம். அடைத்த குழாய்க்குள் சுற்றும் காஸ் பெட்ரோல் மாதிரி செலவாவதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். எந்திரத்தின் உறையில் ஒட்டியிருக்கும் தகட்டில் காஸின் பெயரும் தயாரித்த வருடமும் இருக்கும். நல்ல நாளில் அதை ஒரு போட்டோ எடுத்து வைத்திருப்பவரிடம் கதை விடுவது கடினம்.

சொந்த வீட்டுக்காரர் பணத்தால் தீர்த்துக்கொள்வார். வாடகைக்காரரின் கதியைச் சட்டம்தான் தீர்மானிக்கிறது; அது வெயிலையும் குளிரையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. வட கரோலினா வாடகைச் சட்டத்தில் உடனடி ஆபத்து என்று ஒரு பட்டியல் உண்டு. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, வெளியே 20 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 7 செல்சியஸ் இருக்கும்போது வீட்டை 65 ஃபாரன்ஹீட்டுக்கு, சுமார் 18 செல்சியஸுக்கு, சூடாக்க முடியாவிட்டால் அது அந்தப் பட்டியலில் வருகிறது. ஏ.சி. வராது. வீட்டுக்காரர் ஏ.சி. கொடுத்திருந்தால் கேட்டதும் பழுதுபார்க்க வேண்டும், அவ்வளவுதான். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதே கலப்பு மண்டலத்தில், மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டி 2020-இல் வேறு முடிவெடுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வாடகை வீட்டுக்குள் 80 ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல், ஏறத்தாழ 27 செல்சியஸுக்குள், வைத்திருப்பது அங்கே வீட்டுக்காரர் பொறுப்பு. கரோலினாவின் கோடை மேரிலாந்தைவிட நீளம் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசத்துக்கு வானிலை ஆதாரம் எதுவும் இல்லை.

பணமும் இல்லாதவர்களுக்கு 1981-இலிருந்து ஒரு கூட்டாட்சித் திட்டம் இருக்கிறது, லைஹீப் என்பார்கள். குறைந்த வருமான வீடுகளின் எரிபொருள் கட்டணத்துக்கு உதவுவது அதன் முக்கிய வேலை. நெருக்கடி என்று வந்தால் விண்ணப்பித்த 48 மணி நேரத்துக்குள், உயிருக்கு ஆபத்து என்றால் 18 மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு உதவி கிடைத்தாக வேண்டும் என்று அந்தச் சட்டமே கெடு வைக்கிறது. வட கரோலினாவில் இந்த நெருக்கடி உதவிக்கு கவுன்டியின் சமூக சேவை அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். வாடகைச் சட்டம் விட்டுவிட்ட கோடையை இந்தத் திட்டம் விடவில்லை, ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் ஒரே மனுதான்.