மாணவர் விமானச் சலுகை: எது லாபம், எது நஷ்டம்?

கணித மேதை ராமானுஜம் 1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். ஏப்ரல் 14-ந் தேதிதான் லண்டன் போய்ச் சேர்ந்தார். 28 நாள் பயணம்!

இன்று அதற்கு ஒரு நாள் போதும். நாள் குறைந்துவிட்டது. ஆனால், மகனையோ மகளையோ வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோரின் கவலை குறையவில்லை.

கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். விசா கட்டணம் கட்ட வேண்டும். வங்கிக் கடன் போதாமல் வீட்டு நகையும் அடகுக்குப் போகிறது. கடைசியில் வருவது விமான டிக்கெட். அந்த நேரத்தில், "மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம்!" என்ற விளம்பரம் கண்ணில் பட்டால் யாருக்குத்தான் ஆசை வராது?

சலுகை உண்மைதான். ஆனால் அது எதன் மேல் கிடைக்கிறது என்று தெரிந்தவர்களுக்கே லாபம்.

ஏன் கொடுக்கிறார்கள்?

விமானக் கம்பெனிகள் இதைத் தர்மமாகச் செய்யவில்லை. 2023-24 கல்வி ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் 3 லட்சத்து 31 ஆயிரத்து 602 இந்திய மாணவர்கள் படித்தார்கள். இவர்கள் விடுமுறைக்கு வருவார்கள், திரும்பிப் போவார்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் பெற்றோரும் போவார்கள். ஒரு மாணவனைப் பிடித்தால் ஒரு குடும்பத்தையே பிடித்த மாதிரி!

முன்பு இந்த வியாபாரத்தில் தனி ஏஜெண்டுகளின் கை ஓங்கியிருந்தது. எஸ்.டி.ஏ. டிராவல் என்ற கம்பெனி பல நாடுகளில் கடை திறந்து மாணவர் டிக்கெட் விற்றது. கொரோனா காலத்தில், 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது நொடித்துப்போயிற்று. ஏர் இந்தியா, இண்டிகோ, எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் போன்ற கம்பெனிகள் தாங்களே நேரடியாக மாணவர் சலுகையை அறிவித்திருக்கின்றன.

கணக்கைப் பாருங்கள்

டிக்கெட் விலை ஒரே தொகை அல்ல. அடிப்படைக் கட்டணம் ஒன்று. எரிபொருளுக்கான கூடுதல் கட்டணம், விமான நிலையக் கட்டணம், வரி ஆகியவை தனி. மாணவர் சலுகை பெரும்பாலும் அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டுமே.

ஒரு டிக்கெட் 60 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் அடிப்படைக் கட்டணம் 40 ஆயிரம். 10 சதவீதச் சலுகை என்றால் குறைவது 4 ஆயிரம்தான். 6 ஆயிரம் அல்ல. மாணவர் டிக்கெட் 56 ஆயிரம் ஆகிறது. அதே நாளில் வேறொரு கம்பெனி சாதாரண டிக்கெட்டை 54 ஆயிரத்துக்கு விற்கலாம்.

அப்படியானால் மாணவர் டிக்கெட் நஷ்டமா? அவசரப்பட வேண்டாம்!

பெட்டியில் இருக்கிறது லாபம்

படிக்கப் போகிறவர் ஒரு கைப்பையோடு போவதில்லை. கம்பளி உடை, புத்தகம், குக்கர், அம்மா அரைத்துக் கொடுத்த சாம்பார்ப் பொடி எல்லாம் போக வேண்டும். மாணவர் டிக்கெட்டில் பல கம்பெனிகள் கூடுதலாக 10 கிலோவோ, இன்னொரு பெட்டியோ கொண்டுபோக அனுமதிக்கின்றன. சாதாரண டிக்கெட்டில் அதற்குத் தனிப் பணம். அந்தப் பணம், மிச்சப்படுத்திய 2 ஆயிரத்தை விழுங்கிவிடும்.

பயணத் தேதியை மாற்றுவதும் அப்படியே. சில மாணவர் டிக்கெட்டுகளில் தேதி மாற்ற அபராதம் இல்லை. ஆனால் புதிய தேதியில் விலை கூடியிருந்தால் அந்த வித்தியாசத்தைக் கட்டத்தான் வேண்டும்.

வயது வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாணவர் அடையாள அட்டையோ, கல்லூரி அனுமதிக் கடிதமோ கையில் இருக்க வேண்டும். அதைக் காட்டாவிட்டால் விமான நிலையத்தில் சலுகை மறுக்கப்படலாம்.

மலிவில் உள்ள கண்ணி

இரண்டு கம்பெனிகளில் தனித்தனியாக டிக்கெட் வாங்கினால் விலை குறையும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது விமானம் பறந்துபோனால், பொதுவாக இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. முதல் முறை பயணம் செய்கிறவருக்கு ஒரே டிக்கெட்தான் நல்லது.

சில நாடுகளில் விமானம் மாறுவதற்கே தனி விசா கேட்பார்கள். வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். படிப்பு விசா கைக்கு வருமுன், பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்கக் கூடாது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அதுதான் இனிஷியல்! பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வர வேண்டும்.

காகிதம் டிக்கெட் ஆகாது

பணத்தை வாங்கிக்கொண்டு, 6 எழுத்தும் எண்ணும் கலந்த பதிவுக் குறியீட்டை மட்டும் கொடுக்கும் ஏஜெண்டுகளிடம் எச்சரிக்கை தேவை. பணம் கட்டாமல் தற்காலிகமாக இடம் பிடித்தாலும் அந்தக் குறியீடு வரும். கெடு முடிந்தால் இடம் ரத்தாகிவிடும். உண்மையான டிக்கெட்டுக்கு 13 இலக்க எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, விமானக் கம்பெனியிடமே சரிபார்க்க வேண்டும். அதற்குச் செலவு இல்லை. ஐந்து நிமிடம் போதும்.

சலுகை எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. மொத்தம் எவ்வளவு? எத்தனை கிலோ? தேதி மாற்றலாமா? பணம் திரும்புமா? இந்த நான்கு கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டினால், அடகு வைத்த நகைக்கு அர்த்தம் இருக்கும்.