தலைநகர்த் தமிழருக்கு ஒரு வானொலி வேண்டும்

சாணக்யபுரியில் உலக நாடுகளின் தூதரகங்கள் வரிசையாக நிற்கின்றன. தங்கள் நாட்டவர் ஒருவருக்குத் தில்லியில் இடர் நேர்ந்தால், அவருடைய மொழியிலேயே விசாரித்து வழிகாட்ட அங்கே ஆள் உண்டு. அதே வட்டாரத்தில்தான் தமிழ்நாடு இல்லமும் இருக்கிறது. ஆனால் தலைநகரில் வாழும் தமிழ்த் தொழிலாளி அயல்நாட்டார் அல்ல, இந்நாட்டுப் பிரஜை. அவருக்குத் தேவை தூதரகம் அன்று. அவருடைய சொந்த சர்க்கார் அவருக்குப் புரியும்படி பேசவேண்டும், அவ்வளவுதான்.

2011 கணக்கெடுப்பின்படி தில்லியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 80 ஆயிரத்துக்கும் மேல். அலுவலகங்களில் குமாஸ்தாவாகவும் அதிகாரியாகவும் உள்ளவர்கள் ஆங்கிலத்தைக் கொண்டு சமாளித்துவிடுவர். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், கட்டட வேலை செய்வோர், துணி தேய்ப்போர் ஆகியோரின் நிலை வேறு. இவர்களில் பலருக்கு இந்தி வாயில் வரும், ஆனால் எழுத்து கண்ணில் ஏறாது. இன்று ரேஷன், ஓய்வூதியம், ஆஸ்பத்திரியில் முறை, தொழிலாளர் பதிவு எல்லாமே கைபேசித் திரைக்குள் போய்விட்டன. திரையைப் படிக்க முடியாதவருக்கு உரிமை இருந்தும் இல்லாத கதைதான்.

இதுவரை நடந்தவற்றைப் பார்ப்போம். 2019 ஜூலையில் அஞ்சல் துறைத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடந்தது. மாநிலங்களவையில் எதிர்ப்பு எழுந்தபின் அது ரத்தாகி, தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளிலும் நடத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை 22 மொழிகளிலும் வெளியிடும்படி தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. 2021 ஜூனில், தடுப்பூசிக்கான கோவின் தளத்தில் மாநில மொழிகள் சேர்க்கப்பட்டபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை, கேட்டபிறகே சேர்ந்தது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு தமிழ் உள்பட 13 மாநில மொழிகளிலும் நடைபெறும் என்று 2023-இல் அறிவித்ததும் தமிழக முதல்வர் கடிதம் எழுதியதைத் தொடர்ந்துதான். அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அது 22 மொழிகளையும் பேச 2025 ஜனவரி ஆயிற்று.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கிறது. ஆனால் மேலே சொன்னவை பெரும்பாலும் தமிழகம் முழுவதையும் பாதித்த விஷயங்கள்; அதனால் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் பேசின. தில்லித் தமிழருக்கு மட்டும் வரும் தொல்லைகளுக்கு யார் பேசுவது? 2025 ஜூன் 1-ஆம் தேதி, ஜங்புராவை அடுத்து பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்த மதராசி கேம்ப் நீதிமன்ற உத்தரவின்பேரில் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். ஒரு பகுதியினருக்கு வெகுதொலைவில் நரேலாவில் வீடு கிடைத்தது. தகுதியில்லை என்று சொல்லப்பட்டவர்களுக்கு அதுவும் இல்லை. அத்தகைய வேளையில் எந்த அத்தாட்சி வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும், யாரிடம் முறையிடுவது என்பவை வெறும் தகவல்கள் அல்ல. ஒரு குடும்பத்தின் கூரையே அவற்றில் தொங்குகிறது.

“தில்லிக்கு வந்தவர்கள் இந்தி படித்துக்கொள்ளட்டுமே” என்பார்கள். பிள்ளைகள் படிக்கத்தான் செய்கிறார்கள். ஐம்பது வயதுத் தாய் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை கெடு தேதி காத்திருக்குமா? தில்லி அரசின் மொழிச் சட்டத்தில் இந்தியும், அடுத்து பஞ்சாபியும் உருதுவும் இடம்பெறுகின்றன, தமிழ் இல்லை. எல்லா அறிவிப்பும் தமிழில் வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே நாமும் ஒரு வழி தேடவேண்டும்.

வழி இருக்கிறது. வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் கல்வி நிலையங்களுக்குச் சமுதாய வானொலி அனுமதி கிடைத்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் முதல் நிலையத்தைத் தொடங்கி வழிகாட்டியது. 2006 முதல் லாபநோக்கற்ற சங்கங்களும் விண்ணப்பிக்கலாம். நூறு வாட் அளவிலான சிறிய நிலையம் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வரை கேட்கும். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆனால் தேர்வு, பள்ளிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, குடிநீர், மின்சாரம், சுகாதார எச்சரிக்கை ஆகியவற்றைச் சொல்லத் தடையில்லை. தொழிலாளிக்கு வேண்டியவையும் இவைதாமே! பக்கத்துக் குருகிராமில் 2009 முதல் இயங்கிவந்த ‘குட்காவ் கி ஆவாஸ்’ பிழைப்புத் தேடி வந்தவர்களுக்காகப் பேசியது. நம்மால் ஏன் முடியாது?

1923-இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. 1946-இல் பிறந்த தில்லித் தமிழ்ச் சங்கம் ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கிறது. இவ்விரண்டும் கைகோத்து விண்ணப்பிக்கலாம். தில்லியில் அலைவரிசைக்குத் தட்டுப்பாடு இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. தனி நிலையம் தாமதமானால், இயங்கிவரும் சமுதாய வானொலிகளிலோ அகில இந்திய வானொலியின் தில்லி ஒலிபரப்பிலோ வாரம் சில மணி நேரம் தமிழுக்குக் கேட்கலாம். சரோஜ் நாராயணசுவாமி தில்லியிலிருந்து வாசித்த செய்தியைத் தமிழகமே காத்திருந்து கேட்ட காலம் உண்டு. அதே தில்லியில் தமிழருக்காகத் தமிழ் ஒலிக்கவேண்டும் என்பது பேராசையன்று. நரேலாபோல் தொலைவில் இருப்பவர்களுக்கு அதே நிகழ்ச்சியைப் பதிவாகக் கைபேசியில் அனுப்பிவிடலாம்.

தமிழக அரசும் தன் பங்கைச் செய்யவேண்டும். தமிழ்நாடு இல்லத்தில் குறித்த நாட்களில், குறித்த நேரத்தில், இணைய விண்ணப்பங்களைத் தமிழில் விளக்கி நிரப்பித்தரும் மேஜை ஒன்று போடட்டும். மந்திரிகளும் அதிகாரிகளும் தங்கும் இடத்தில், துணி தேய்ப்பவரும் தயங்காமல் நுழைய ஒரு வாசல் இருக்கட்டும்.

பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் நாம் திரளாகக் கூடுகிறோம், வேண்டியதுதான். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டாலும் மேலே இருப்பவர்கள் பார்க்காமல் இருக்க முடியாது. ஆங்கிலம் அறிந்த குமாஸ்தா அந்த மனுவை எழுதட்டும்; எழுத்தறியாத தாய் கைநாட்டு வைக்கட்டும். கேட்கும் வேலை நம்முடையது. அதை இந்த ஆண்டே தொடங்குவோம்.